செடி தெரிந்தால் பூச்சி தெரியும்: கோடை நடைக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி அரிச்சுவடி

தமிழ்நாட்டில் வண்ணத்துப்பூச்சி பார்க்க உகந்த காலம் மழை விட்ட பிறகு வரும் மாதங்கள்தான். எண்ணிக்கையிலும் வகையிலும் அந்த மாதங்களோடு சித்திரை போட்டி போட முடியாது. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கோடையே வசதி என்று துணிந்து சொல்லலாம். மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் ஈரம், தளிர், பூ. பூச்சிகளும் எங்கும் பரவிக் கிடக்கும். எது எதற்காக எங்கே வந்தது என்று புரியாது. கோடையில் ஈரம் வாய்க்கால் மடையோரத்தில் மட்டும் இருக்கும். நிழல் மாந்தோப்பில் மட்டும், பசுந்தளிர் ஆழமாக வேர்விட்ட சில செடிகளில் மட்டும். பூச்சிகள் அந்த இடங்களுக்கு வந்தே ஆக வேண்டும். எங்கே நின்று பார்ப்பது என்று தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் பத்து வகை கண்ணில் படும். தெரியாதவர் மூன்று கிலோமீட்டர் நடந்தும் தூரத்தில் பறந்து போகும் மஞ்சள் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு தேவைகள்: உடல் சூடேற வெயில், பறக்கத் தெம்பு தரும் இனிப்பு, உப்புச்சத்து, முட்டையிட அதற்கே உரிய செடி. இந்த நான்கையும் தேடிப் போவதுதான் வண்ணத்துப்பூச்சி பார்க்கும் கலை. கண்கூர்மை அதற்கு அடுத்தபடிதான்.

எத்தனை மணிக்குப் போவது

வண்ணத்துப்பூச்சிக்கு உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குறைவு. சிறகை அசைக்கும் தசைகள் நெஞ்சுப் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதி ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் நன்றாகப் பறக்க முடியும். அதனால் காலையில் முதல் வேலை வெயில் காய்வது. இலை நுனியிலோ வெறும் தரையிலோ சூடான கல்லிலோ சிறகை முழுதாக விரித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். மேல்சிறகின் கோலத்தை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மதுரை, திருச்சி, சேலம் போன்ற சமவெளி ஊர்களில் மே மாதத்தில் இந்த வெயில் காயும் நேரம் சீக்கிரமே முடிந்துவிடும். காலை 7 மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும். பத்தரைக்குள் நடையை முடித்துக்கொள்ளலாம். பிறகு மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் கதை வேறு. அங்கே பனி விலகி வெயில் ஏறிய பிறகு, ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரைதான் நடமாட்டம் அதிகம். மலைக்குப் போய் விடியற்காலையில் எழுந்து நடப்பவர்கள் பறவைகளைப் பார்ப்பார்கள். வண்ணத்துப்பூச்சியைப் பார்ப்பது அரிது.

நடுப்பகலில் சமவெளியில் மாட்டிக்கொண்டால் திறந்தவெளியை விட்டுவிட்டு நிழலுக்குள் வாருங்கள். வெயில் உச்சிக்கு வந்ததும் பூச்சிகள் புதரின் உட்பக்கம், இலைகளின் அடிப்பக்கம் போய் ஒடுங்கும். ஓடையோர மரநிழலில் புளூ டைகர், காமன் குரோ போன்றவை கொத்தாகத் தொங்குவதுண்டு. கிளையைத் தட்டி எழுப்பாமல் கீழிருந்து பார்த்தாலே போதும்.

முட்டையிடும் செடி: இதுதான் சூத்திரம்

வண்ணத்துப்பூச்சிப் புழு கண்டதையெல்லாம் தின்னாது. பெரும்பாலான இனங்களுக்கு ஒன்றோ ஒரு சிலவோதான் செடிகள். தாய்ப் பூச்சி இலையில் உட்கார்ந்து, முன்னங்கால்களால் தட்டிப் பார்த்து, காலில் உள்ள சுவை உணர்விகளால் அது சரியான செடிதானா என்று சோதித்த பிறகே முட்டை வைக்கும். ஒரு பூச்சி பூக்களைக் கண்டுகொள்ளாமல் இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறந்தால் அது முட்டையிட வந்த பெண். அதை அவசரப்பட்டுப் பின்தொடராதீர்கள். அது உட்கார்ந்த இலையை மனதில் குறித்துக்கொண்டு, அது நகர்ந்ததும் அந்த இலையின் அடியைப் பாருங்கள்.

பழகத் தொடங்க எருக்குதான் சிறந்த செடி. ரோட்டோரம், குப்பைமேடு, ரயில் பாதை என எங்கும் இருக்கும். கத்திரி வெயிலிலும் தளிர்விடும். வெந்தய வரியன் எனப்படும் பிளெய்ன் டைகர் இதில் முட்டை வைக்கும். இடுப்புயர எருக்கஞ்செடி ஒன்றின் முன் குந்தி உட்கார்ந்து, நுனியிலிருந்து கீழ்நோக்கி ஆறேழு இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலையைத் திருகாமல், ஒரு விரலால் மெல்ல உயர்த்தினால் போதும். தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்வெள்ளைப் பொட்டு, குண்டூசித் தலையைவிடச் சிறியது, நிமிர்ந்த குவிமாட வடிவம், பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலிருந்து கீழாக வரிகள். அதுதான் முட்டை. தண்டு நுனியில் மஞ்சளாகக் கும்பலாக அப்பிக்கிடப்பதைப் பார்த்து முட்டை என்று பலர் ஏமாறுவார்கள், அவை அசுவினி என்ற சாறுறிஞ்சிப் பூச்சிகள். முட்டை ஒவ்வொன்றாகத்தான் இருக்கும், அசுவினி கூட்டமாகத்தான் இருக்கும்.

மூன்று நாள் அளவில் முட்டை பொரியும். வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். வளர்ந்த புழுவுக்கு வெள்ளையும் கறுப்புமாக வளையங்கள், நடுவில் மஞ்சள் பொட்டுகள், முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள். எருக்கில் இந்த மூன்று ஜோடி இழைகளைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் அது வெந்தய வரியன்தான். எருக்கிலையில் பால் வடியும் அல்லவா? அந்தப் பால் புழுவின் வாயை ஒட்டிவிடக்கூடும். அதனால் பெரிய புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, வரத்து நின்ற பகுதியைத்தான் தின்னும். நரம்பு அறுபட்ட இலை வாடித் தொங்கும். ஆகவே பச்சைச் செடியில் ஒற்றை இலை மட்டும் வாடித் தொங்கினால் அதை முதலில் பாருங்கள். எருக்கம்பால் நமக்கும் ஆபத்து. இலையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

எருக்கு பிடிபட்டுவிட்டால் மற்ற செடிகளுக்குப் போகலாம். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டை வைக்கும். இவற்றின் இளம் புழுக்கள் பறவை எச்சம் போலவே இருக்கும். அதனால்தான் பல வீடுகளில் கறிவேப்பிலை பறிக்கும்போது கண்ணில் படாமலே போகின்றன. கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் பிளந்த செந்நிற உறுப்பு ஒன்று வெளியே வந்து காட்டமான வாடையை வீசும். எறும்பையும் குளவியையும் விரட்ட அதன் ஆயுதம் அது.

மாமரத்தில் பேரன் (ஆங்கிலத்தில் Baron) என்ற பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது பெரிய சவால். பச்சைப் புழு, இருபுறமும் இறகு போன்ற கிளைமுட்கள், முதுகில் நீளவாக்கில் ஒரு வெளிர்க்கோடு. இலையின் நடுநரம்பு மேல் அந்தக் கோடு சரியாகப் பொருந்தும்படி படுத்துக்கொள்ளும். முட்கள் இலைப்பரப்போடு படிந்துவிடுவதால் நிழல்கூட விழாது. பக்கவாட்டிலிருந்து, வெயிலுக்கு எதிராக இலையைப் பார்த்தால் மட்டும் சிறு மேடு தெரியும்.

சரக்கொன்றையில் காமன் எமிகிரண்ட், ஆவாரையில் மாட்டில்டு எமிகிரண்ட், ஆமணக்கிலும் காஞ்சொறியிலும் காமன் கேஸ்டர், ரணகள்ளியில் ரெட் பியரட், ஆடுதீண்டாப்பாளையிலும் ஈஸ்வரமூலியிலும் ரோஜா அழகி. ரணகள்ளி இலை தடிமனானது. ரெட் பியரட்டின் புழு அதற்குள்ளேயே குடைந்து வாழும். இலையில் வெளுத்த சுரங்கத் தடம் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அரளியில் காமன் குரோவின் கூட்டுப்புழு தொங்கும். வெள்ளி முலாம் பூசியது போல முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் அதை நெடுஞ்சாலை நடுவே வைத்த அரளியில்கூடப் பார்க்கலாம். ஆனால் அங்கே இறங்கித் தேடாதீர்கள். பூங்காவிலோ கோயில் நந்தவனத்திலோ உள்ள அரளியே போதும்.

மாமரத்திலோ வேம்பிலோ புல்லுருவி படர்ந்திருந்தால் அண்ணாந்து பாருங்கள். காமன் ஜெஸபெல் அங்கேதான் சுற்றும். இதன் கீழ்ச்சிறகு, அதாவது சிறகின் அடிப்பக்கம், மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். மேல்பக்கம் கறுப்பு நரம்புக் கோடுகளோடு வெள்ளை. உயரத்தில் பறப்பதால் கீழிருந்து பார்க்கிறவருக்கு அழகான பக்கமே தெரியும்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைச் சமவெளியில் தேடிப் பயனில்லை. அதன் புழு தின்னும் மரவெட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரம். மரம் இல்லாத இடத்தில் பூச்சி எப்படி இருக்கும்?

ஈர மணலும் அழுகிய பழமும்

கோடையில் ஒரே இடத்தில் அதிகப் பூச்சிகளைப் பார்க்க வேண்டுமானால் ஈரமண்ணுக்குப் போங்கள். பூந்தேனில் சர்க்கரை உண்டு. சோடியம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈரமண்ணில் கரைந்திருக்கும் உப்பிலிருந்து உறிஞ்சிச் சரிசெய்துகொள்கின்றன. இப்படிக் கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சிய உப்பைக் கலவியின்போது விந்தோடு சேர்த்துப் பெண்ணுக்குக் கொடுக்கும். அது முட்டைகளுக்குப் போய்ச் சேரும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் வேண்டாம். நீர் வற்றிப் பின்வாங்கிய விளிம்பு, கால் வைத்தால் தடம் பதியும் ஆனால் நீர் ஊறாத மணல், அதன் மேல் வெயில். கால்நடைகள் நீர் குடிக்க இறங்கும் துறை இன்னும் நல்லது; மாட்டு மூத்திரம் பட்ட மண்ணில் உப்பு அதிகம். மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு போன்ற மலையடிவார ஆற்றங்கரைகளில் எமிகிரண்ட், காமன் ஜே, புளூபாட்டில், சிறு நீலன்கள் எல்லாம் தோளோடு தோளாக உட்கார்ந்து உறிஞ்சும். உறிஞ்சத் தொடங்கிவிட்ட பூச்சி எளிதில் எழாது. ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் ஓரடி தூரத்தில்கூடப் பார்க்கலாம். யாராவது கூட்டத்துக்குள் ஓடிப் பறக்கவிட்டுப் படம் எடுத்தால் அன்றைய காலை அந்தப் பூச்சிகளுக்கு வீண். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாம்பழக் காலம் இன்னொரு வாய்ப்பு. பேரன், காமன் ஈவினிங் பிரவுன் போன்றவை பூவைவிட அழுகி நொதித்த பழத்தையே விரும்பும். தோப்பில் விழுந்து வெடித்த மாம்பழம், முந்திரிப்பழம், பலாச்சக்கை ஆகியவற்றைச் சுற்றிக் காலையில் பாருங்கள். தோப்பு இல்லையென்றால் நன்றாகக் கனிந்த இரண்டு வாழைப்பழத்தை ஒரு துண்டு வெல்லத்தோடு பிசைந்து, மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்து, நொதித்த வாடை வந்ததும் மரநிழலில் ஒரு தட்டில் வைக்கலாம். எறும்பு முந்திக்கொள்ளும். அதனால் அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலமான இன்னொரு தட்டின் நடுவில் ஒரு கல்மேல் வைக்க வேண்டும்.

பூக்களைப் பற்றி ஒன்றே ஒன்று. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அழகிகள் இட்லிப்பூ போன்ற குழல்பூக்களுக்கு வரும். குட்டையான குழல் கொண்ட நீலன்களும் வெள்ளையன்களும் வெட்டுக்காயப்பூண்டு போன்ற தரைப் பூக்களில் மேயும். கண்மட்டத்தில் உள்ள பூச்செடியையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதி இனங்கள் காலடியில் நழுவிப் போகும்.

நெருங்குவது எப்படி

வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண் அசைவைப் பிடிப்பதில் தேர்ந்தது. மெதுவாக வரும் பெரிய உருவத்தைக்கூடச் சகித்துக்கொள்ளும். திடீரென்று நீளும் கையைச் சகிக்காது. அதைவிட மோசம் நிழல். காலையில் நம் நிழல் ஆள் உயரத்துக்கும் மேல் நீளும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நமக்கு முன்னே அது போய்ப் பூச்சியின் மேல் விழும். அந்த நொடியே அது கிளம்பிவிடும். ஆகவே சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி சுற்றி வாருங்கள். மூன்று மீட்டர் தூரத்தில் ஒருமுறை நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு குனிந்து, ஒவ்வோர் எட்டாக. பூச்சி சிறகை வேகமாகத் திறந்து மூடத் தொடங்கினால் அப்படியே நில்லுங்கள், அமைதியானதும் நகருங்கள். பறந்துவிட்டாலும் துரத்த வேண்டாம். எல்லை காக்கும் ஆண்கள் ஒரு வட்டம் சுற்றிவிட்டு பெரும்பாலும் அதே இலைக்கோ பக்கத்து இலைக்கோ திரும்பும்.

பைனாகுலர் வாங்குகிறவர்கள் உருப்பெருக்கத்தை மட்டும் கேட்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு முக்கியம் குறைந்தபட்சக் குவிய தூரம். 8×32 அல்லது 8×42 அளவில், 2 மீட்டர் அல்லது அதற்கும் கிட்டத்தில் குவியக்கூடியதாகப் பாருங்கள். 5 மீட்டரில்தான் குவியும் என்றால் பறவைக்கு ஆகும், இதற்கு ஆகாது. அதுவும் இல்லாவிட்டால் கைபேசியே போதும், ஒரு நிபந்தனை: மேல்சிறகு, கீழ்ச்சிறகு இரண்டையும் எடுக்க முயல வேண்டும். நீலன்களைக் கீழ்ச்சிறகின் புள்ளிகளையும் கோடுகளையும் பார்க்காமல் இனம் பிரிக்கவே முடியாது. மேலே பெரும்பாலும் எல்லாம் நீலம்தான்.

பார்த்தது எது?

நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்வதுதான் தொடங்குகிறவர்கள் அதிகம் செய்யும் பிழை. முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள். பெரிய உருவம், பெரும்பாலும் பின்சிறகில் வால், பூவில் உட்காரும்போதும் சிறகைப் படபடத்துக்கொண்டே இருந்தால் அழகிகள். வெள்ளை அல்லது மஞ்சள், நடுத்தர அளவு என்றால் வெள்ளையன்கள். நான்கு கால்கள் மட்டுமே தெரிந்தால் வரியன்கள். முன்னங்கால்கள் சுருங்கி நெஞ்சோடு மடங்கியிருக்கும். நகம் அளவே உள்ள, பல இனங்களில் பின்சிறகில் நூல்போன்ற வால் கொண்டவை நீலன்கள். தடித்த உடல், நுனி வளைந்த உணர்கொம்பு, விசுக்கென்று தாவும் பறத்தல் என்றால் தாவிகள். உணர்கொம்பின் நுனியில் குமிழே இல்லாமல் நூல்போலவோ இறகுபோலவோ இருந்தால் பெரும்பாலும் அது அந்துப்பூச்சி. தமிழ்ப் பெயர்கள் எல்லா நூல்களிலும் இன்னும் ஒன்றுபோல் இல்லாததால், குறிப்பேட்டில் ஆங்கிலப் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

போலிகளிடம் எச்சரிக்கை தேவை. ரோஜா அழகியின் புழு தின்னும் ஈஸ்வரமூலி வகைச் செடிகளில் நஞ்சு உண்டு. அந்த நஞ்சு வளர்ந்த பூச்சியின் உடலிலும் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு பகுதி ரோஜா அழகியைப் போலவே சிவப்பும் வெள்ளையும் தீட்டிய சிறகோடு பிறக்கும். பிரித்தறிய உடலைப் பாருங்கள்: ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு, கறிவேப்பிலை அழகிக்குக் கறுப்பு. பறக்கும் விதமும் காட்டிக்கொடுக்கும். நஞ்சுள்ளது அவசரமில்லாமல் மிதக்கும். போலி படபடப்பாகப் போகும்.

வெந்தய வரியனுக்கும் இப்படி ஒரு போலி உண்டு, டனாய்ட் எக்ஃபிளை என்பதன் பெண். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உண்மையான வெந்தய வரியன். மேல் விளிம்பருகே ஒரே ஒரு கறும்பொட்டு மட்டும் என்றால் போலி. பறக்கும்போது இது தெரியாது. உட்காரும் வரை பொறுங்கள்.

கோடையில் இன்னொரு குழப்பம் சேரும். சில இனங்களுக்கு மழைக்காலத்தில் ஒரு தோற்றம், வறண்ட காலத்தில் வேறு தோற்றம். மயில் வசீகரனின் மழைக்கால உருவத்துக்குக் கீழ்ச்சிறகிலும் கண்பொட்டுகள் தெளிவாக இருக்கும். வறட்சிக்கால உருவத்தில் அவை மங்கி, சிறகின் ஓரம் கோணலாக நீண்டு, மூடிய சிறகு காய்ந்த சருகாகவே தெரியும். காமன் ஈவினிங் பிரவுனும் அப்படியே. கையேட்டில் உள்ள மழைக்காலப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு இது வேறு இனம் என்று முடிவுகட்டி விடாதீர்கள். சருகுகளுக்கு நடுவே சருகாக இருப்பதுதான் அந்தப் பருவத்தில் பாதுகாப்பு. காலடி பட்டதும் எழுந்து, நாலடி தள்ளி விழுந்து மறுபடி மறையும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, தென்மேற்குப் பருவமழை இறங்கும் முன்பு, புளூ டைகர், டார்க் புளூ டைகர், குரோ வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் கூட்டமாக இடம் பெயரும். எல்லாம் ஒரே திசையில், தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், பூக்களில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் அது வலசை. அப்போது செய்ய வேண்டியது, ஓரிடத்தில் நின்று ஒரு கற்பனைக் கோட்டை ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன, எந்தத் திசையில் என்று எண்ணிக் குறிப்பது. இதே இனங்களின் ஆண்கள் காய்ந்த தேள்கொடுக்கு, கிலுகிலுப்பைச் செடிகளை மொய்த்துச் சுரண்டும். பூவே இல்லாத காய்ந்த செடியில் பூச்சிகளுக்கு என்ன வேலை என்று தோன்றும். அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்களை எடுத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் மணத்தை அவை தயாரிக்கின்றன.

கூடவே கண்ணில் படும் மற்றவை

பூச்சிக்காகக் குனிந்த கண்ணுக்கு வேறு பலவும் தெரியவரும். கோடை ஓணான்களின் இனப்பெருக்கக் காலம். ஆண் ஓணானின் தலையும் தோளும் சிவந்து, வேலிக்கால் மேல் ஏறித் தண்டால் எடுக்கும். செம்மண் பொட்டலில் விசிறித்தொண்டை ஓணானைத் தேடலாம். உயரமான கல்லில் நின்று தொண்டைத் தோலை விரித்து விரித்து மடக்கும். குளத்தோரம் தட்டான் ஒன்று வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றால் அது வித்தை இல்லை. வெயில் படும் பரப்பைக் குறைத்து உடலைக் குளிர்விக்கிறது. மண்சரிவில் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய துளைகள் இருந்தால் பச்சைப் பஞ்சுருட்டானின் வளையாக இருக்கலாம். அது வழக்கமாக உட்காரும் கம்பிக்குக் கீழே தட்டான், தேனீ, வண்ணத்துப்பூச்சிச் சிறகுகள் உதிர்ந்து கிடக்கும். அந்தச் சிறகுகளை வைத்தே அப்பகுதியில் என்னென்ன பறக்கின்றன என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மண்டபத்து ஓரம், மரத்தடிப் புழுதி போன்ற மழைபடாத இடங்களில் புனல்போன்ற சிறு குழிகள் தெரியும். குழிநரி என்னும் புழுவின் பொறி அது. விளிம்பில் ஒரு மணலை உருட்டிவிட்டால் அடியிலிருந்து மண்ணை அள்ளி வீசும். எறும்பு விழுந்தால் நழுவி அடிக்குப் போய் அதன் தாடையில் சிக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை விடாமல் காட்டுங்கள்.

எறும்புகளையும் கவனியுங்கள். அவரைக் குடும்பச் செடியின் தளிரில் எறும்புகள் காரணமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தால், அங்கே நீலன் புழு இருக்கலாம். அது சுரக்கும் இனிப்புத் துளிக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும்.

கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் மறுநாள் கட்டாயம் வெளியே போங்கள். ஈசல் கிளம்பும், கூடவே தவளை, கரிச்சான், மைனா எல்லாம் விருந்துக்கு வரும். செம்மண் தரையில் மூதாய் என்ற சிவப்பு வெல்வெட் பூச்சிகள் ஊர்ந்து வரும். மழைக்குப் பிறகு துளிர்க்கும் தளிரில் இடப்படும் முட்டை, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைக்க ஏறத்தாழ மூன்று நான்கு வாரம் ஆகும். மழை பெய்த தேதியைக் குறித்து வைத்தால் அடுத்த நல்ல நடை எப்போது என்று நாட்காட்டியே சொல்லும்.

எண்ணிப் பதிவது

பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. எண்ணினால்தான் அடுத்த ஆண்டு ஒப்பிட முடியும். பிரிட்டனில் 1976 முதல் நடக்கும் வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்பில் கையாளும் முறை எளிமையானது. ஒரே பாதை, ஒரே வேகம். நடப்பவரின் இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், தலைக்கு மேல் ஐந்து மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அழகானது பறந்தாலும் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஊரில் ஒரு கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்து வாரம் ஒருமுறை நடந்தாலே அருமையான தரவு சேரும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, காற்று எப்படி, எந்தச் செடியில், என்ன செய்துகொண்டிருந்தது: இவை அவசியம். பெயர் தெரியாதவற்றை ‘தெரியாத நீலன், 3’ என்று எழுதுங்கள். ஊகித்துப் பெயர் போடுவதைவிட அது மேல். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள்.

வலையும் பாட்டிலும் வேண்டாம். சிறகின் நிறமே செதில் பொடிதான். விரல் பட்டால் உதிரும், மறுபடி முளைக்காது. பல வண்ணத்துப்பூச்சிகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் பிடிப்பதும் சேகரிப்பதும் குற்றம்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு மணி நேர நடைக்குக் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, கணுக்கால் மூடிய காலணி. செருப்போடு புதருக்குள் போகவே கூடாது. சுருட்டை விரியன் வறண்ட பொட்டல்காட்டில் கல்லடியிலும் புதரடியிலும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையோ காலோ வைக்காதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். முடி அடர்ந்த கம்பளிப் புழுக்களைத் தொட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். பட்டுவிட்டால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து முடியை அகற்றிவிட்டுக் கழுவுங்கள்.

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் மலையேற்றப் பாதைகளையே மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை மறக்க முடியாது. மூடியிருந்தால் காரணம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் அருகே உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் உணவுச்செடிகளை நட்டு வளர்த்திருக்கிறார்கள். செடிகளைக் கற்றுக்கொள்ள அங்கே போகலாம். அதற்கும் முடியாதவர்கள் தெருமுனை எருக்கஞ்செடியிலிருந்து தொடங்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.